சான்று கேட்காத இடம்

1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 58. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பத்மஸ்ரீ கிடைத்திருந்தது. இனி ஓய்வாக இருக்கலாம் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். அவரோ வீட்டை அடமானம் வைத்து, மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கூட நின்றார்கள். இருவருமே கண் டாக்டர்கள். அதுதான் இன்றைய அரவிந்த் கண் மருத்துவமனை.

அவருடைய கைகளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்து, ஆற்றுமணலில் எழுத்துப் பழகிய கை அது. டாக்டருக்குப் படித்த பிறகு முடக்குவாதம் வந்து விரல்களெல்லாம் கோணிப்போயின. பேனா பிடிப்பதே பாடு. அந்த விரல்களாலேயே கண்ணறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்தார். தன் செலவுக்குப் பென்ஷன் போதும் என்று வைத்துக்கொண்டார்.

செல்வம் என்று நினைத்தால் எனக்கு இவர்தான் நினைவுக்கு வருகிறார். தனக்கு எவ்வளவு போதும் என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டவருக்கு, அதற்கு மேல் வருவதெல்லாம் வேலைக்கான முதலாகிவிடுகிறது. 1992-ல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் நூறு டாலர் அளவுக்கு ஆன பொருள், பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பணம் கட்டுகிறவர்கள் தரும் வருமானத்திலேயே, கட்ட முடியாதவர்களுக்கும் பார்க்க வழியிருந்தது.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் என்னை அதிகம் தொட்டது வேறொன்று. கட்டணப் பிரிவுக்குப் போவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை வருகிறவரே முடிவு செய்துகொள்ளலாம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு அது சின்ன விஷயமில்லை. முதியோர் பணத்துக்காகத் தனக்கு ஆதரவில்லை என்பதை ஊரறியச் சொல்லிச் சொல்லிக் கூசிப்போனவர். நம் ஊரில் ஏழைக்கு எது கிடைத்தாலும், ‘நான் ஏழை’ என்று முதலில் நாலு பேர் முன்னால் நிற்கவேண்டியிருக்கிறது. கையில் காசில்லாததைவிட அந்த நிற்றல்தான் மனிதரைக் குறுக்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றி, வாசல்படி தெரியாமல் காலை இடித்துக்கொண்டிருந்த பெரியம்மாவை, ஊருக்கு வந்த அரவிந்த் கண் முகாமில் பார்த்து, பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துப் போனார்கள். ஆபரேசன், சாப்பாடு எல்லாம் அங்கேயே. கட்டு அவிழ்த்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண் தெரிவதைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். “துட்டும் கேக்கல, சீட்டும் கேக்கலப்பா. வா பாட்டின்னு கூப்பிட்டு உக்கார வச்சாக” என்றுதான் ஆரம்பித்தார்.

ஓட்டு வீடு, நாலு கோழி, குத்தகைக்கு விட்ட துண்டு வயல். அவரிடம் இருப்பது அன்றும் இன்றும் அவ்வளவுதான். ஆனாலும் பேச்சில் ஒரு நிமிர்வு வந்திருக்கிறது. அடுத்த முகாம் என்றைக்கு என்று விசாரித்து வைத்துக்கொண்டு, தெருவில் கண் மங்கியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார். பயந்து மறுத்த எதிர்வீட்டு அப்பத்தாவிடம், “நீ எதுக்கு யோசிக்கிற? நான் கூட வாரேன்ல” என்று அதட்டிச் சம்மதிக்க வைத்தார். வெங்கடசாமி 2006-லேயே காலமாகிவிட்டார். பெரியம்மாவுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.