நீர் காட்டிக்கொடுக்கும்

ஐப்பசி 18, தரங்கம்பாடி

ஆறு மணிக்கு வெளிச்சம் வந்தது, சூரியன் வரவில்லை. மப்பும் மந்தாரமுமாக இருந்தது. விடுதியில் தேநீர் கொடுத்தவர், "இன்னிக்கு ஒங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது சார்" என்று எனக்காக வருத்தப்பட்டார். இங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் உதயத்துக்கு வருகிறவர்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை கடலையொட்டி நிற்கிறது. உதயத்தில் அதன் சுவரில் மஞ்சள் ஒளி விழும் படம் ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. நான் வந்தது மூட்டத்துக்காக.

மூட்டமான நாளில் வெளிச்சம் குறைகிறது என்பதைவிட, அது வருகிற வழி மாறுகிறது என்பதே சரி. ஒரு புள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தது வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. நிழல் கரைந்துவிடுகிறது, கூச்சமும் போய்விடுகிறது. அதனால் நிறங்கள் அடர்ந்து தெரிகின்றன. ஃபைபர் படகின் நீலம், குவித்துப் போட்ட நைலான் வலையின் பச்சை, நனைந்த கருங்கல்லின் கருமை எல்லாமே வெயிலில் பாதி வெளுத்துப்போகிறவை. சோகப் படம் எடுக்கப் போனவனுக்கு நிறங்கள் கிடைப்பது வேடிக்கைதான்.

கேமராவை அதன் போக்கில் விடக்கூடாது. பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்குவதுதான் அதன் ஒளிமானியின் வேலை. சட்டத்தில் பாதிக்கு மேல் வெள்ளை வானம் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டடித்துவிடும். அந்த இருட்டையே மனநிலை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டி வைத்து, ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டேன். மேகத்தின் உள்மடிப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

ஐப்பசி 19

மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நின்று தெற்கே பார்த்தால், இடப்புறம் கடல், தொலைவில் கோட்டை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில்; அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிஞ்சியதைக் காக்கக் கொட்டிய பாறைகள்தான் இன்று என் படத்துக்கு முன்புலம்.

காலை முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலடியில் இருக்கும் நீர் இருண்டிருக்கிறது; தொலைவில் உள்ள நீர் வெளுத்திருக்கிறது. காரணம் எளியது. நேர்கீழே பார்க்கும்போது நீர் வானத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். மற்றபடி நாம் பார்ப்பது நீரின் உள்ளே. பார்வை சாயச்சாய அது கண்ணாடியாகிவிடும். அலையடிக்கிற கடலில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒவ்வொரு அலையிலும் நம் கண்ணுக்குத் தெரிகிற சரிவு நம்மை நோக்கிச் சாய்ந்திருப்பதால், தொலைக்கடல் அடிவானத்து வானத்தைக் காட்டுவதில்லை, அதற்கு மேலே உள்ள வானத்தைக் காட்டுகிறது. அதனால்தான் மூட்ட நாளிலும் அடிவானக் கோடு அழியாமல் இருக்கிறது.

மேலே உள்ள வானம் எப்படி இருக்கும்? ஒரே சீராக மூடிய வானத்தில், உச்சி அடிவானத்தைப் போல மூன்று மடங்கு பிரகாசம். கட்டடங்களுக்குப் பகல்வெளிச்சக் கணக்குப் போடுகிறவர்கள் வைத்திருக்கும் அளவு இது. படத்தைத் திருத்துகிறவர்களோ முதல் வேலையாக மேல்விளிம்பிலிருந்து ஒரு கறுப்புத் திரையை இறக்குகிறார்கள். வானம் தலைகீழாகிவிடுகிறது, கடலோ பழையபடி உச்சியின் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ பொய் என்று மட்டும் படும்.

மழை நெருங்கி வருவது வேறு கதை. அப்போது தலைக்கு மேல் கருத்து, அடிவானம் வெளுத்துக் கிடக்கும். கடலும் அதற்கேற்பக் கருக்கும். அன்றைக்கு அந்தத் திரையை இறக்கலாம், தகும்.

போலரைசரைப் பையிலேயே விட்டுவிட்டேன். நீரின் பளபளப்பை வெட்டுவது அதன் வேலை. கிடையிலிருந்து சுமார் 37 பாகை கீழ்நோக்கிப் பார்க்கும்போது முழு வீச்சில் வெட்டும். மூட்ட நாளில் கடலுக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பளபளப்புதான்.

ஷட்டரைப் பற்றி. இன்றைய வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்றால் 1/30 நொடி. வெளிச்சத்தைக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டினால் அது அரை நிமிடத்துக்குமேல் நீண்டு, அலையெல்லாம் புகையாகிவிடும். ஏரிக்கரையில் அது அழகு. வங்கக்கடலை அப்படிப் புகையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை, இது அடித்து உடைக்கிற கடல். மூன்று ஸ்டாப் ஃபில்டர் போட்டால் கால் நொடி கிடைக்கிறது. பாறையிலிருந்து வடியும் நீர் கோடுகோடாக விழும்; அலை அலையாகவே நிற்கும்.

ஐப்பசி 21

மழை. வெளியே போகவில்லை. லென்ஸைத் துடைத்தேன். உப்புப் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்ற வேண்டும்.

மடிக்கணினியில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரேயின் கடல் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். 1850களில் இருந்த கொலோடியன் தகடு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெளிறிவிடும், வானத்துக்குச் சரியாக எடுத்தால் கடல் இருண்டுவிடும். பிரான்சின் செத் கடற்கரையில் 1857இல் எடுத்த பேரலைப் படத்துக்கு அவர் கண்ட வழி, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ். இரண்டையும் அடிவானத்தில் இணைத்து அச்சிட்டார். ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்.

ஆக, வானத்தை மாற்றுவது நேற்றைய பழக்கமல்ல. ஃபோட்டோஷாப் 2020இல் அதை ஒரு சொடுக்கு வேலையாக்கியது, அவ்வளவுதான். ஆனால் லெ கிரேக்கு இருந்த நெருக்கடி நமக்கு இல்லை. என் கையிலிருக்கும் சாதாரணக் கேமராவே மூட்ட வானத்தையும் ஈரப் பாறையையும் ஒரே சொடுக்கில் பிடித்துவிடுகிறது. இல்லாத நோய்க்கு ஏன் அறுவை?

ஐப்பசி 22

நாகை துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. படகுகளை மேட்டில் ஏற்றிவிட்டார்கள். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"எந்தப் பத்திரிகை தம்பி?"

"பத்திரிகைக்கு இல்லீங்கய்யா. மேகமும் கடலும் எடுக்கலாம்னு வந்தேன்."

"கொண்டல் மேகம். எடுத்துக்குங்க, நாளைக்கும் இருக்கும்" என்று சிரித்தார். அவருக்கு அது கடலுக்குப் போகாத இன்னொரு நாள்.

அவருடைய படகை எடுத்திருந்தேன். ஒரே படத்தின் இரண்டு வடிவங்களைக் கைபேசியில் காட்டினேன். ஒன்று இருட்டி, முறுக்கேற்றியது. மற்றது உள்ளது உள்ளபடி. அவர் யோசிக்கவே இல்லை.

"இத அனுப்புங்க. இதுலதான் போட்டு நம்பர் தெரியுது. மவன் துபாய்ல இருக்கான். போட்ட ஏத்தியாச்சான்னு நேத்துலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கான்."

அனுப்பினேன்.

ஐப்பசி 27, வீடு

திருத்தும் வேலை. ரா ஃபைல் என்பதால் துணிந்து கைவைக்கலாம். 14 பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள், ஜேபெக்கில் 256. சாம்பலுக்குள் சாம்பலாக இருக்கும் மேகத்தை ஜேபெக்கில் இழுத்தால் பட்டை பட்டையாகப் பிளந்துவிடும்.

முதல் தகராறு நிறம். ஐப்பசியில் இந்தக் கடல் நீலமல்ல. காவிரியின் கிளைகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலில் கரையோரம் பழுப்பாகக் கலங்கிக் கிடக்கும். இணையத்தில் விற்கிற 'மூடி' ப்ரீசெட் எதைப் போட்டாலும் இந்தப் பழுப்பைக் கொன்று பச்சைநீலமாக்குகிறது. தரங்கம்பாடி நார்வே ஆகிவிடுகிறது. மூட்ட வெளிச்சம் 6500 கெல்வினைத் தாண்டும். ஒயிட் பேலன்ஸை அங்கே வைத்தால் குளிர் முழுக்கப் போய்விடும், 5500இல் வைத்தால் கோட்டைச் சுவரின் மஞ்சள் செத்துவிடும். 5900 பக்கம் நிறுத்தினேன். மேகத்தில் ஒரு துளி நீலம், நீரில் மண் அப்படியே.

அடுத்தது டிஹேஸ், மங்கலை நீக்கும் கருவி. மூட்டப் படத்தைக் கண்டதும் எல்லோருடைய கையும் போகிற இடம். தூரத்துப் பொருள் வெளிறுவதைக் கண்டுதான் கண் ஆழத்தை அளக்கிறது. படத்தில் கோட்டை கிட்டத்துப் பாறையைவிட இரண்டு பங்கு மங்கல். அந்த மங்கலை எடுத்துவிட்டால் கோட்டை பாறைமேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. வானத்தில் மட்டும் கொஞ்சம் கொடுத்தேன், அதையே தொலைக்கடலுக்கும் பாதி அளவில் கொடுத்தேன். இப்போதெல்லாம் இதுதான் என் வழக்கம். வானத்தில் எதைத் தொட்டாலும் அதே கையோடு நீரிலும் தொட வேண்டும். வானத்தை அரை ஸ்டாப் இறக்கினால் நீரையும் இறக்க வேண்டும், ஈர மணலில் தெரியும் வானத்தைக்கூட விடக்கூடாது. மாஸ்க் வரைவது சலிப்பான வேலைதான்.

இருட்டுக்கு வேறொரு இடம் வைத்திருக்கிறேன். பாறை இடுக்குகளில் ஒன்றிரண்டு புள்ளிகளை முழுக் கறுப்பாக விடுகிறேன். அந்தக் கறுப்பை அளவாக வைத்துக்கொண்டு மற்ற சாம்பல்களெல்லாம் தாமே பிரிந்துகொள்கின்றன. மொத்தப் படத்தையும் இருட்ட வேண்டியதில்லை.

ஒரு படத்தில் அடிவானம் நட்டநடுவில். வெட்டத் தோன்றியது, விதிப்படி வெட்டத்தான் வேண்டும். புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் உலகக் கடல்களைப் பாதி வானம், பாதி நீர் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டே இருந்தார், விதி ஒன்றும் அவரைத் தண்டிக்கவில்லை. வெட்டவில்லை.

கார்த்திகை 3

ஒரு பத்திரிகை ஆசிரியர் படங்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். நன்றாக இருக்கிறதாம், ஆனால் வானம் இன்னும் கொஞ்சம் மிரட்டினால் அட்டைக்கு எடுத்துக்கொள்ளலாமாம். "ஒரு புயல் வானத்தை வச்சிடுங்களேன், அஞ்சு நிமிஷ வேலைதானே." வைக்கலாம். அன்றைய கடலில் அந்த வானம் இருக்காது, அலையின் சரிவுகளில் பழைய வெள்ளை வானமே தெரியும் என்றேன். "அதையெல்லாம் யார் பார்க்கப்போறா?" என்றார். அட்டை போய்விட்டது. உள்பக்கத்தில் ஒரு படம் வருகிறது, கலங்கல் நீரோடு.

வானத்தை மாற்றுகிறவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. மாற்றுவதென்றால் நீரையும், ஈர மணலையும், படகின் விளிம்பில் படும் வெளிச்சத்தையும் சேர்த்து மாற்றுங்கள். அத்தனை மாஸ்க்கும் வரைகிற நேரத்தில் மயிலாடுதுறையில் பேருந்து ஏறி, பொறையாறு வழியாகக் கரைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். மார்கழி பிறக்கும்வரை மேகத்துக்குப் பஞ்சமில்லை. கூண்டு எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.