எருமை நாக்கும் டிஸ்கோ வலையும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போனால் கோவளம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறவர்களில் பாதிப் பேர், 2021-ல் 'நீலக்கொடி' வாங்கிய பீச்சில் செல்ஃபி எடுக்கிற கோஷ்டி. மீன் தின்னத் தெரிந்தவர்கள் குப்பத்துப் பக்கம் திரும்பவேண்டும். அதுவும் காலை 8 மணிக்குள்!

வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும்தான் அங்கே ராஜ மரியாதை. கூடை ஓரத்தில், ரோடு ரோலர் ஏறி இறங்கின மாதிரி ஒன்று கிடந்தது.

"இன்னா தம்பி அப்டிப் பாக்கறே? எருமை நாக்கு. முள்ளு கம்மி, கொழந்தைக்குக் குடு" என்றார் மீன்கார அம்மா.

பேரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். தரங்கம்பாடியில் நம்மவர்கள் சொன்ன அதே பேரைத்தான் ஜெர்மனியின் ப்ளாக்கும் ஷ்னைடரும் 1801-ல் லத்தீனில் ஏற்றினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அது 'செட்டோட்ஸ் எருமெய்'தான். நம்மூர் எருமை லத்தீனில் மேய்கிறது!

தட்டை மீன்கள் குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர ஒரு கண் மண்டையைச் சுற்றி மறுபக்கம் குடியேறும். அப்புறம் கண் இல்லாத பக்கத்தை மணலில் போட்டுப் படுத்துவிடும். ஒல்லி நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் இடப்பக்கம். எருமை நாக்குக்கு மட்டும் அந்தக் கண் உச்சந்தலை விளிம்பிலேயே நின்றுவிடுகிறது... டிரான்ஸ்ஃபர் ஆர்டருக்கு ஸ்டே வாங்கின குமாஸ்தா மாதிரி!

மணலோடு கிடப்பதற்கு மேலே மிதக்கிற வலை பிரயோஜனமில்லை. ஈயக்குண்டு கட்டித் தரையில் நிறுத்தவேண்டும். இதில் மூன்றடுக்கு வலைக்குப் பெயர் 'டிஸ்கோ வலை'. வெளியே இரண்டு பக்கமும் பெரிய கண்ணி, நடுவில் தொளதொளவென்று சின்னக் கண்ணி. முட்டினால் பை மாதிரி சுருட்டிக்கொள்ளும். விரிப்பது இறாலுக்கு, நாக்கு மீன் ஓசி டிக்கெட்!

விசைப்படகின் இழுவை மடி வேறு ரகம். கடல் தரையையே பெருக்கிக்கொண்டு போகும். குஞ்சு, குளுவான் எதுவும் தப்பாது. கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கு என்று 1983-லேயே சட்டம் வந்தாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையும் உண்டு. ஆனால் ராத்திரி இருட்டில் கடலில் யார் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்?

படகு நிழலில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு பெரியவரே?"

"போட்டு மேல ஏறிப் போயிடுச்சு சார். பாதி வலை காணோம்."

"அந்தப் பாதி?"

"நைலான் ஆச்சே, மக்கவா போவுது? அடியில கெடக்கும். ஆளே இல்லாம இன்னும் மீன் புடிச்சிக்கினு கீது!"