கைமாறிய கற்கள்

கிரேக்கத்துக்குப் பயணத் திட்டம் போடுகிறவர்கள் ஏதென்ஸுக்கு மூன்று நாள், ஏதாவது ஒரு தீவுக்கு இரண்டு நாள் என்று ஒதுக்கிவிடுவார்கள். வடக்கே, தெர்மாயிக் வளைகுடாவின் உள்முனையில் இருக்கும் தெசலோனிக்கி அந்தக் கணக்கில் வருவது அபூர்வம். பெயர் நமக்குப் புதிதல்ல. பவுல் இந்த ஊர்ச் சபைக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் தமிழ் விவிலியத்தில் இருக்கின்றன. அவற்றில் முதலாவதன் பகுதி ஒன்று அடக்க ஆராதனைகளில் இன்றும் வாசிக்கப்படுகிறது. அப்படியிருந்தும் ஊரைப் பார்க்கப் போகிறவர் குறைவு. காரணம் எளிது: குன்றின்மேல் தனித்து நின்று படத்துக்கு முகம் காட்டும் பளிங்குக் கோயில் எதுவும் இங்கே இல்லை. பழைய கட்டடங்கள் தெருவோரத்தில், அடுக்குமாடி வீடுகளுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் நடுவே நிற்கின்றன. கிரேக்கத்தில் ஒரே ஒரு துறைமுக நகரைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் ரோமானியச் சின்னங்களுக்கு ஒரு நாள், பைசாந்தியத் தேவாலயங்களுக்கு ஒரு நாள், உதுமானியக் கட்டடங்களுக்கு அரை நாள் என்று காலவாரியாகப் பிரித்துக்கொண்டு போனால் ஊர் கையில் சிக்காது. இங்கே பழமை பிழைத்திருப்பது அதைப் பூட்டி வைத்ததால் அல்ல; ஒருவர் விட்டதை அடுத்தவர் எடுத்துப் புழங்கியதால். ஆகவே ஒவ்வொரு கட்டடத்தையும் அது எத்தனை கைகள் மாறியது என்று கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டும்.

அந்தக் கேள்வியைத் தொடங்கத் தோதான இடம் ரொட்டுண்டா. கி.மு. 315-இல் மக்கெதோனிய அரசன் கசாண்டர் இந்த நகரை நிறுவி, அலெக்சாண்டரின் மாற்றாந்தாய் வழிச் சகோதரியான தன் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினான். ஆறு நூற்றாண்டுகள் கழித்து ரோமானியப் பேரரசன் கலேரியஸ் இங்கே அரண்மனை அமைத்தபோது எழுந்தது இந்த வட்டக் கட்டடம். கோயிலாகக் கட்டினானா, தனக்குச் சமாதியாகக் கட்டினானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அவன் இங்கே புதைக்கப்படவில்லை என்பது மட்டும் தெரியும். பிறகு அது தேவாலயமாயிற்று. குவிமாடத்தில் பொன் மொசைக் ஏறியது அப்போதுதான். 1590-ஐ ஒட்டிப் பள்ளிவாசலாயிற்று, பக்கத்தில் ஒரு மினார் எழுந்தது. 1912-இல் நகரம் கிரேக்க நாட்டோடு சேர்ந்தபின் மீண்டும் தேவாலயம், பிறகு அரசின் நினைவுச்சின்னம். சுவர் ஆறு மீட்டருக்கும் அதிகமான தடிமன் என்பதால் நிலநடுக்கங்களைத் தாங்கியது என்பார்கள். தடிமன் ஒரு காரணம்தான். இந்த நகரில் அதைவிடச் சிறிய, அதைவிட எளிதில் இடிக்கக்கூடிய எத்தனையோ கட்டடங்கள் நிற்கின்றன. அதே அரண்மனையின் மற்றப் பகுதிகளோ நவரினு சதுக்கத்தில் தரைமட்ட அடித்தளமாகக் கிடக்கின்றன. அரண்மனையைப் புழங்க ஒரு கட்டத்துக்குமேல் ஆள் வரவில்லை. ரொட்டுண்டாவுக்கோ ஒவ்வொரு நூற்றாண்டிலும் கூரையைச் சரிபார்க்க ஓர் ஆள் இருந்தார். அவர் எந்தத் திசை நோக்கித் தொழுதார் என்பது கூரைக்கு முக்கியமில்லை.

இதே கதையை நகரெங்கும் சரிபார்க்கலாம். ஐந்தாம் நூற்றாண்டின் அக்கெய்ரோபோயிட்டோஸ் தேவாலயம், 1430-இல் சுல்தான் இரண்டாம் முராத் நகரைப் பிடித்ததும் முதலில் பள்ளிவாசலானது. அதன் தூண் ஒன்றில் அந்த வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. இப்போது அதே தூணுக்கருகே கிறிஸ்தவ வழிபாடு நடக்கிறது. அதே முராத் 1444-இல் கட்டிய பே ஹமாம் என்னும் குளியல்மாடத்தில் 1968 வரை ஊர்க்காரர்கள் குளித்தார்கள். 1467-68-இல் எழுந்த ஹம்சா பே பள்ளிவாசல் இருபதாம் நூற்றாண்டில் கடைகளாகவும் திரையரங்காகவும் ஓடியது. 1902-இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் விட்டாலியானோ பொசெல்லி கட்டிய புதிய பள்ளிவாசல் சில காலம் அகதிகளுக்கு வீடாக இருந்து, 1925-இல் தொல்பொருள் அருங்காட்சியகமாயிற்று. மலை உச்சியில் எப்டபிர்கியோன் கோட்டை 1989 வரை சிறைச்சாலை. ஊரின் சின்னமாகிப்போன கடற்கரை வெள்ளைக் கோபுரமும் உதுமானியர் காலச் சிறைதான். ரத்தக் கோபுரம் என்று பெயரெடுத்திருந்ததைச் சுண்ணாம்பு பூசித்தான் வெள்ளையாக்கினார்கள். அதன் உள்ளே இப்போது நகர வரலாற்றுக் காட்சி இருக்கிறது. பயணிகள் வழக்கமாக இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கடைசியில் பார்ப்பது நல்லது; பார்த்தவற்றை அங்கே கோத்துக்கொள்ளலாம்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. தேவாலயத்தைப் பள்ளிவாசலாக்கியது பாதுகாப்புப் பணியல்ல, தோற்றவர்களை அவமதிக்கும் செயல். சிலுவையை இறக்கியவர்களுக்கு நன்றி சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். அதே கேள்வியை மறுபக்கத்திலிருந்தும் கேட்கலாம்: 1923-இன் மக்கள் பரிமாற்றத்தில் முஸ்லிம்கள் ஏறக்குறைய அனைவரும் துருக்கிக்கு அனுப்பப்பட்டபின், ஊரின் மினார்களை ஏன் தகர்த்தார்கள்? இன்று ஓங்கி நிற்பது ரொட்டுண்டாவின் மினார் ஒன்றுதான். நோக்கத்தில் இரண்டுமே வன்முறைதான், அதை மறுப்பதற்கில்லை. நான் சொல்வது நோக்கத்தைப் பற்றியல்ல, விளைவைப் பற்றி. மதம் மாற்றப்பட்ட கட்டடத்தில் இரண்டு தரப்பின் சாட்சியமும் ஒரே சுவரில் தங்கியது. தகர்க்கப்பட்டதில் ஒன்றும் தங்கவில்லை. ஏதென்ஸை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்ரோபோலிஸைத் ‘தூய்மை’ செய்தபோது பார்த்தெனானுக்குள் இருந்த சிறு பள்ளிவாசலை அகற்றினார்கள். நுழைவாயிலருகே நின்ற இடைக்காலக் கோபுரத்தை 1875-இல் இடித்தார்கள், அதற்குச் செலவு கொடுத்தவர் டிராயைத் தோண்டிய ஷ்லீமான். விளைவு, கண்ணுக்கு நிறைவான கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் குன்று. அதன்பின் வந்த இரண்டாயிரம் ஆண்டு அங்கே நடக்கவே இல்லை என்று தோன்றும். தெசலோனிக்கியில் அந்த ஏமாற்றத்துக்கு வழியில்லை.

பூட்டிக் காப்பாற்றியதற்கும் இந்த ஊர் ஒரு சான்று வைத்திருக்கிறது. ரோமானியர் காலத்துத் தூண்வரிசை ஒன்று, இருபுறமும் புராண உருவங்கள் செதுக்கிய தூண்களோடு, யூதக் குடியிருப்பில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் தங்கள் லடினோ மொழியில் அதை ‘லாஸ் இன்காந்தாதாஸ்’, அதாவது மந்திரத்தால் கட்டுண்டவர்கள் என்று அழைத்தார்கள். 1864-இல் பிரெஞ்சு அறிஞர் இம்மானுவேல் மில்லர் உதுமானிய அரசின் அனுமதியோடு அந்தச் சிற்பத் தூண்களைக் கப்பலேற்றினார். இப்போது அவை பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. தூண்வரிசை என்ற கட்டடம் எங்கும் இல்லை. தெருக்காரர்கள் பெயர் வைத்து அழைத்த ஒன்று, பட்டியல் எண் கொண்ட சிற்பங்களாகிவிட்டது.

என் வாதத்துக்கு உண்மையாகவே சங்கடம் தருவது வேறொன்று. 1492-இல் ஸ்பெயின் வெளியேற்றிய யூதர்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்த துறைமுகம் இது. துணி நெய்தார்கள், அச்சகம் நடத்தினார்கள், துறையில் மூட்டை தூக்கினார்கள். சனிக்கிழமை ஓய்வுநாளில் துறைமுகமே அடங்கிக் கிடக்குமாம். 1913 கணக்கெடுப்பில் நகரின் ஏறக்குறைய 1,58,000 பேரில் 61,000-க்கு மேல் யூதர்கள். வேறெந்தச் சமூகமும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. 1917 ஆகஸ்டில் மூண்ட தீ 32 மணி நேரம் எரிந்து 9,500 வீடுகளைக் கொண்டுபோனது. வீடிழந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் அவர்களே. இன்று பயணிகள் ரசிக்கும் அகலத் தெருக்களும் கடலை நோக்கித் திறக்கும் அரிஸ்டாட்டில் சதுக்கமும் அந்தச் சாம்பல்மேல் எர்னெஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்த திட்டம். பிறகு ஜெர்மானிய ஆக்கிரமிப்பு. 1942 டிசம்பரில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்ததாக மதிப்பிடப்படும் யூத இடுகாடு அழிக்கப்பட்டது. 1943 மார்ச் 15 அன்று ஆஷ்விட்ஸுக்கு முதல் ரயில் கிளம்பியது. ஆகஸ்டுக்குள் நகரின் யூதர்கள் ஏறக்குறைய அனைவரும் அனுப்பப்பட்டுவிட்டார்கள். மீண்டவர்கள் மிகச் சிலர். அந்தக் கல்லறைக் கற்களும் ‘புழக்கத்துக்கு’ வந்தன. சுவருக்கும் தளத்துக்கும் படிக்கும் கட்டுமானக் கல்லாக ஊரெங்கும் போயின. தீயில் எரிந்த புனித தெமெத்ரியோஸ் பேராலயத்தின் சீரமைப்புக்குக்கூட அவற்றில் சில போயின. இடுகாட்டு நிலத்தின்மேல் அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் நிற்கிறது.

மறுபயன்பாடுதான் காப்பாற்றியது என்று சொல்கிறவர் இதையும் காப்பாற்றல் என்பாரா? இல்லை. வேறுபாடு கல்லில் இல்லை, கல்லை எடுத்த விதத்தில் இருக்கிறது. ரொட்டுண்டா கைமாறியபோது அது ரொட்டுண்டாவாகவே கைமாறியது. வடிவமும் இடமும் அப்படியே இருந்தன, புதியவர் தன் அடையாளத்தை மேலே சேர்த்தார். இடுகாடு கைமாறவில்லை, அது உடைக்கப்பட்டது. பெயர் எழுதிய முகம் மண்பக்கம் திரும்பி, கல் வெறும் எடையாகவும் பரப்பாகவும் ஆயிற்று. உரியவர்கள் தட்டிக்கேட்க முடியாத நேரத்தில் செய்தது அது. புழங்குவதற்கும் சூறையாடுவதற்கும் இடையே நான் கோடு கிழிப்பது இங்கேதான். அந்தக் கோடு கண்ணில் பட வேண்டுமானால் பயணத் திட்டத்தில் பல்கலைக்கழக வளாகமும் சேர வேண்டும். ரொட்டுண்டாவிலிருந்து சில நிமிட நடைதான். 2014-இல்தான் அங்கே ஒரு நினைவுச்சின்னம் வந்தது. அழிந்த இடுகாட்டின் கற்கள் சிலவற்றை 2001-இல் திறந்த யூத அருங்காட்சியகத்தில் காணலாம்.

விடுமுறைக்குப் போகிறவர் தலையில் இவ்வளவு பாரம் ஏற்ற வேண்டுமா, கடற்கரையில் நடந்து மீன் சாப்பிட்டு வரக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகச் செய்யலாம், ஊர் அதற்கும் நல்ல ஊர். ஆனால் அந்தக் கடற்கரை நடைபாதையே 1869 முதல் கடல்பக்கக் கோட்டைச் சுவரை இடித்துப் பெற்றது. பழைய துறையின் கிடங்குகளில்தான் இப்போது புகைப்பட அருங்காட்சியகமும் திரைப்பட அருங்காட்சியகமும் இருக்கின்றன. உல்லாசத்தையும் வரலாற்றையும் தனித்தனி நாளில் வைக்க இந்த ஊர் இடம் கொடுக்காது. நடைமுறையில் சொன்னால், முழுதாக இரண்டு நாள் போதும். கோடையின் உச்சத்தைத் தவிர்த்து ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் போனால் நடக்க முடியும். முதல் நாள் ரொட்டுண்டா, கலேரியஸின் வளைவு, நவரினு சதுக்கம், பல்கலைக்கழகம், அப்புறம் எக்னாத்தியா தெருவழியே மேற்கே பே ஹமாம். இரண்டாம் நாள் காலை, நீதிமன்றம் கட்டத் தோண்டியபோது 1960-களில் வெளிப்பட்ட ரோமானியச் சந்தைவெளி. அங்கிருந்து மேலேறி தெமெத்ரியோஸ் பேராலயம், அதன் நிலவறை. பிறகு 1917 தீ எட்டாத மேல் நகரத்தின் ஒடுங்கிய சந்துகள், கோட்டைச் சுவர்.

மாலையில் இறங்கி வரும்போது வெனிசெலு மெட்ரோ நிலையத்தை விட்டுவிடக் கூடாது. சீட்டு வாங்கி ரயிலேறும் இடம்தானே என்று தோன்றலாம். என் வாதத்தின் ஆகக் கடினமான சோதனை அங்கேதான் நடந்தது. 2006-இல் தொடங்கிய மெட்ரோ வேலையில், இங்கே தோண்டியபோது பளிங்குத் தளமிட்ட பழைய பெருந்தெரு, இருபுறமும் கடைகளோடு, வெளிப்பட்டது. அதை இருந்த இடத்திலேயே வைத்து நிலையத்தைக் கட்ட வேண்டும் என்றது ஒரு தரப்பு. கழற்றி எடுத்து, நிலையம் முடிந்ததும் திரும்பப் பொருத்தலாம் என்றது அரசு. வழக்குகள் நடந்தன. கடைசியில் கழற்றித்தான் பொருத்தினார்கள். எதிர்த்தவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது: ஒருமுறை பெயர்த்த தளத்தில் கல் திரும்ப வரும், கல்லுக்கும் மண்ணுக்கும் இருந்த பிணைப்பு திரும்பாது. அந்த இழப்பைச் சிறிது என்று சொல்ல மாட்டேன். இருந்த இடத்திலேயே வைக்க இன்னும் முயன்றிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது லூவருக்குப் போன தூண்களின் கதையாகவில்லை, இடுகாட்டின் கதையாகவும் ஆகவில்லை. தெரு தன் ஊரில், தான் கிடந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. 2024 நவம்பர் 30 முதல் ரயில் ஓடுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பளிங்கைப் பார்த்தபடி படியிறங்குகிறார்கள். கீழே வண்டி, பழைய தெரு போன அதே கிழக்கு மேற்காகப் போகிறது.