எட்டு டாலருக்கு என்ன வாங்குனீங்க?

அம்பாசமுத்திரத்தில் பி.காம். படித்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு. பணம் சம்பந்தப்பட்ட எல்லாமே அவனுக்குத் தெரியும் என்று ஊரே நம்பும். 'நகைச்சீட்டு கட்டலாமா?', 'இன்ஷூரன்ஸ் பேப்பர்ல எங்க கையெழுத்து?', 'மெசின் கார்டை முழுங்கிட்டு, என்ன செய்ய?' எல்லாம் நம்மிடம்தான் வரும். பரீட்சையிலேயே பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாமல், மிச்சத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளிப் பாஸானவன் நான் என்கிற ரகசியத்தை யாரிடம் சொல்ல!

போன வருஷம் ஒரு சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் வைத்து என்னைப் பிடித்தார் பக்கத்துத் தெரு அண்ணாச்சி. மில்லில் முப்பத்தைந்து வருஷம் ஷிஃப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரே மகன், நியூஜெர்சியில் இருக்கிறான்.

"தம்பி, நானும் உன் மதினியும் ஆறு மாசம் அமெரிக்கா போறோம். எந்தக் கார்டு கொண்டுபோனா செலவு கம்மி? கல்லிடைக்கு அப்பளம் வாங்கப் போறேன். வா, பேசிக்கிட்டே நடப்போம்."

"மகன் இருக்காருல்லா அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்குக் கார்டு?"

அண்ணாச்சி கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்.

"போன தடவை போனப்ப அவன் கார்டுல இன்னொண்ணு எடுத்துக் குடுத்தான். பேத்திக்கு ஒரு சாக்லேட் டப்பா வாங்கினேன். கடையை விட்டு வெளிய வரல, போன் வந்துட்டு. 'அப்பா, எட்டு டாலருக்கு என்ன வாங்குனீங்க?'ன்னு கேட்டான். தப்பா ஒண்ணும் கேக்கலடே. கார்டைத் தேச்சா அவனுக்கு மெசேஜ் போவுமாம், வேற எவனும் தேச்சிட்டானோன்னு பயந்துட்டான். ஆனா அதுக்கப்புறம் அந்தக் கார்டை நான் எடுக்கல. மூணு மாசம் கடைக்குள்ள போய் வேடிக்கை பாத்துட்டு வந்தேன்."

எனக்குத் தொண்டையில் டீ திரும்பி வந்த மாதிரி இருந்தது. சஸ்பென்ஸ் அக்கவுண்ட் போட்டு நழுவ முடியாத கணக்கு இது!

ஆற்றுப் பாலத்துக்கு வந்திருந்தோம். இந்தக் கரை அம்பை, அந்தக் கரை கல்லிடைக்குறிச்சி, நடுவே தாமிரபரணி. மேற்கே பொதிகை மலை, பாதி மேகத்துக்குள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பாடத்தை ஆரம்பித்தேன்.

"மாசம் இருபத்தஞ்சாயிரம் செலவுன்னு வைப்போம். ஆறு மாசத்துக்கு ஒண்ணரை லட்சம். இப்ப உங்க பையில இருக்கிற சாதாரணக் கார்டை அங்க தேச்சா, டாலரை ரூபாயா மாத்தினதுக்குன்னு பல பேங்க்ல நூத்துக்கு மூணரை ரூபா எடுப்பான். அந்த மூணரைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேற. ஆக 4.13 ரூபா."

"மொத்தம்?"

"ஒண்ணரை லட்சத்துக்கு 6,195 ரூபா."

"ஏ அப்பா! என் ரெண்டு மாச மில் பென்ஷன்லா அது!" என்றார். கீழே ஓடும் தண்ணீரைக் காட்டினார். "இந்த ஆத்துல எட்டு அணைக்கட்டு இருக்கு தெரியும்லா? கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு ஸ்ரீவைகுண்டம் வரைக்கும். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் தண்ணி பிரியும். ஆனா அது வயலுக்குப் போவுது, நெல்லு வருது. இந்த ஆறாயிரம் எவன் வயலுக்குடே போவுது?"

பி.காம். சிலபஸில் இதற்குப் பதில் கிடையாது.

"அந்த மூணரை இல்லாத கார்டும் இருக்கு அண்ணாச்சி. மார்க்கப் சைபர்ன்னு விளம்பரம் போடுவான். ஆனா சைபரைப் பாத்ததும் மயங்கிரக் கூடாது. வருஷக் கட்டணம் எவ்வளவுன்னு முதல்ல கேக்கணும். மூவாயிரம்னு வைங்க. ஜி.எஸ்.டி.யோட 3,540. அப்ப சுமார் 86,000 ரூபாய்க்கு மேல செலவு செஞ்சாத்தான் உங்களுக்கு லாபம். அதுக்குக் கீழேன்னா பழைய கார்டே தேவலை. வருஷக் கட்டணமும் இல்லாம, மார்க்கப்பும் இல்லாம கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். கண்ணைத் திறந்து நிபந்தனையைப் படிச்ச பிறகு!"

"எனக்கு எவன் கிரெடிட் கார்டு குடுப்பான்? சம்பளச் சீட்டு கேப்பானே?"

"ஃபிக்சட் டெபாசிட் போட்டா அதை ஈடா வச்சுக் குடுக்கிற பேங்க் இருக்கு. டெபாசிட்டுக்கு வட்டி பாட்டுக்கு வட்டி வரும்."

ஏ.டி.எம். விஷயத்தையும் அங்கேயே முடித்தோம். டெபிட் கார்டில் அங்கே பணம் எடுத்தால், தடவைக்கு நம் பேங்க் 150 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 177 ஆச்சு. அந்த ஊர் மெசின்காரன் தன் பங்குக்கு மூன்று டாலர் எடுப்பான். டாலர் 90 ரூபாய் என்று போட்டால் 270. ஆக மொத்தம் 447 ரூபாய். இருபது டாலர் எடுத்தாலும் 447தான், இருநூறு டாலர் எடுத்தாலும் 447தான். முதல் கணக்கில் எடுத்த பணத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு போச்சு. இரண்டாவதில் நூற்றுக்கு இரண்டரை ரூபாய்தான். அதனால் எப்போதாவது, மொத்தமாக எடுக்க வேண்டும். கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்கவே கூடாது. எடுத்த அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

"நீ எங்கயும் ஏமாந்தது இல்லையா தம்பி?" என்று கேட்டுவிட்டார் மனுஷன்.

ஏன் இல்லை? 2023-ல் சிங்கப்பூர் போயிருந்தேன். ஒரு கடையில் நூறு வெள்ளிக்குச் சாமான் வாங்கினேன். கார்டைச் செருகியதும், 'ரூபாயில் கட்டுகிறாயா, வெள்ளியில் கட்டுகிறாயா?' என்று மெசின் கேட்டது. எனக்குள்ளே பாரதமாதா விழித்துக்கொண்டாள். ரூபாய் என்று கம்பீரமாக அமுக்கினேன். 6,200 வரவேண்டிய இடத்தில் 6,600 போட்டுவிட்டது! ரூபாயில் கேட்டால் கடைக்காரன் பக்கத்து மெசின் தன் இஷ்டத்துக்கு ஒரு விலை போட்டு மாற்றும் என்று அறைக்கு வந்த பிறகு புரிந்தது. தேசபக்திக்கு நானூறு ரூபாய் அபராதம் கட்டியவன் அந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான். எந்த நாட்டில் நின்றாலும் அந்த நாட்டுப் பணத்தையே அமுக்குங்கள் சார்! ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

பாலம் தாண்டிக் கல்லிடைக்குள் நுழைந்தோம். அப்பளத்துக்குப் பேர்போன ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். பணத்தை ஊர் விட்டு ஊர் அனுப்புவதிலும் ஒரு காலத்தில் பேர்போன ஊர்! 1930-ல் சென்னை மாகாணத்து வங்கித் தொழிலை விசாரித்த குழு, செட்டிநாட்டு நகரத்தாரோடு சேர்த்துக் கல்லிடைக்குறிச்சிப் பிராமண லேவாதேவிக்காரர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. உண்டியல் முறை தெரியுமல்லவா? இங்கே பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டால், வெளியூரில் அவர்களுடைய ஆளிடம் சீட்டைக் காட்டிப் பணம் வாங்கலாம். மடியில் காசு வேண்டாம், வழியில் பயமும் வேண்டாம். அந்த வேலைக்குப் பிடித்துக்கொள்கிற காசுக்கு 'வட்டம்' என்று பெயர்.

"அப்ப இந்த மார்க்கப்புங்கிறது நம்ம வட்டம்தானா!" என்றார் அண்ணாச்சி. "அதைத் தமிழ்ல சொல்லித் தொலைச்சா முதல்லயே புரிஞ்சிருக்கும்லா?"

அப்பளக் கட்டுகளோடு திரும்பும்போது மிச்சத்தையும் கேட்டார். ஃபாரெக்ஸ் கார்டு என்கிறார்களே?

கிரெடிட் கார்டு வேண்டாம் என்பவர்களுக்கு அது நல்ல வழி. கிளம்பும் முன்பே ரூபாய் கட்டி டாலராக ஏற்றிக்கொள்ளலாம். பிறகு ரூபாய் சரிந்தாலும் ஏற்றிய டாலர் அப்படியே இருக்கும். ஆனால் டாலரை என்ன விலைக்கு ஏற்றுகிறான் என்று மார்க்கெட் விலையோடு ஒப்பிட வேண்டும். வட்டம் அங்கேதான் ஒளிந்திருக்கும். டாலர் ஏற்றிய கார்டை ஐரோப்பாவில் தேய்த்தால் அதற்குத் தனி வட்டம்.

யு.பி.ஐ. செல்லுமா? சிங்கப்பூர், நேபாளம், இலங்கை, மொரீஷியஸ் என்று சில நாடுகளில் சில கடைகளில் செல்லும். அமெரிக்கா போகிறவர் அதை நம்பிக் கிளம்ப முடியாது.

வரி பிடிப்பார்களா? ஃபாரெக்ஸ் கார்டிலும் டெபிட் கார்டிலும் வெளிநாட்டுக்குப் போகிற பணம் வருஷத்தில் பத்து லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. 2025 ஏப்ரல் முதல் இதுதான் வரம்பு. அண்ணாச்சி சிரித்தார். "பத்து லட்சமா? நல்லா சொன்ன போ!"

பத்து நாள் லீவில் போகிறவன் கார்டு கிடைத்ததும் கிளம்பிவிடலாம். ஆறு மாதம் தங்குகிறவருக்கு இன்னும் நாலு வேலை பாக்கி இருக்கிறது. ஒன்று, கார்டு நடுவில் காலாவதி ஆகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு, வெளிநாட்டு உபயோகத்தை நாமே திறந்துவிட வேண்டும். 2020-ல் ரிசர்வ் பேங்க் கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டு உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். மூன்று, மாதாமாதம் பில் பணம் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் மறந்தால், வட்டத்தில் மிச்சம் பிடித்ததை வட்டி தின்றுவிடும். நான்கு, இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும். சிம் செத்தால் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. வராவிட்டால் கார்டு இருந்தும் பல காரியம் நடக்காது.

கடைசியில் டெபாசிட் போட்டு மார்க்கப் இல்லாத கிரெடிட் கார்டு ஒன்றும், அவசரத்துக்குப் பழைய டெபிட் கார்டும், ரொக்கமாக ஐந்நூறு டாலரும் என்று முடிவாயிற்று. இரண்டு கார்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது என்றேன். "ஒண்ணு மதினி சுருக்குப் பையில இருக்கட்டும்."

"அவகிட்ட போனது திரும்பி வராதேடே!"

கிளம்பிப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து, ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு என் போன் அலறியது. நியூஜெர்சியிலிருந்து வாட்ஸ்அப் கால். தூக்கி வாரிப் போட்டது. கார்டு தொலைந்துவிட்டதா, மெசின் முழுங்கிவிட்டதா?

"என்ன அண்ணாச்சி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல தம்பி, கடை வாசல்ல நிக்கேன். பேத்திக்கு அதே சாக்லேட் டப்பா வாங்கினேன்." குரலில் அப்படி ஒரு குதூகலம். "எட்டு டாலர் முப்பது சென்ட். மெசேஜ் எனக்கே வந்துட்டுடே!"