ஏழாம் துளை

அப்பலாச்சிய மலைச்சாரலில் கூதிர் புகுந்தது. மேப்பிள் சிவந்தது, ஹிக்கரி பொன் பூத்தது. உவர்மண் நக்க மான்கணம் இறங்கிற்று. வேடனே, நீ ஒருவனே வந்திலை!

இலையுதிரப் புறப்பட்டு, மாதம் பல கழித்தே மனை மீளும் நெடுவேட்டையருள் ஒருவன் நீ. நின் தோற்பையின் வாரில் தொங்கிய குண்டுப்பலகை எஞ்சியது. உள்ளங்கையுள் அடங்கும் வன்மரத்துண்டு. அதில் ஏழு துளை. துப்பாக்கிக் குழலின் வாய் எவ்வளவோ, துளையும் அவ்வளவே, ஏறத்தாழ அரை அங்குலம். விடியுமுன் அடுப்படியில் அமர்ந்து, கொழுப்புத் தடவிய துணித்துண்டின் நடுவே ஈயக்குண்டை வைத்துத் துளைதோறும் செறிப்பாய். ஒரு பவுண்டு ஈயம் உருக்கினால் ஏறக்குறைய 40 குண்டு. அவற்றுள் ஏழே அன்றைக்கு உரியவை. கானகத்தே முதல் வேட்டுப் பிழைத்தால், கொம்பிலிருந்து வெடிமருந்தை அளந்து குழலில் பெய்வாய். பலகையைக் குழல்வாயோடு பொருத்தி அழுத்துவாய். துணியும் குண்டும் ஒருங்கே இறங்கும். ஹிக்கரிக் கோல் அவற்றை அடிவரை செலுத்தும். பனியில் விறைத்த விரல் பையைத் துழாவித் துணி தேட வேண்டியதில்லை. ஒரு மரத்துண்டுக்குள் எத்துணை அறிவை ஒளித்தாய்!

லான்காஸ்டர் ஊரின் ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர் குழல்மேல் தம் பெயர் பொறித்தனர். மருந்துக்கொம்பிலே உடையவன் பெயர் கீறி மையூட்டப்பட்டது. 1775-இல் கம்பர்லாந்து கணவாய் வழியே பாதை வெட்டிய டேனியல் பூனை நாடெல்லாம் அறியும். பலகை குடைந்தோனே, நின் பெயரை யாரிடம் கேட்பேன்? கத்தி சறுக்கிய தடம் ஒன்று ஓரத்தில் உண்டு. அதுவே நின் கையொப்பம் எனக் கொள்கிறேன்.

நீ திரிந்த காடு ஷானியரும் செரோக்கியரும் உனக்கு முன்னரே வேட்டமாடிய காடு. அவர் இழந்தது நின் இழப்பினும் பெரிது. அதனைச் சொல்லாமல் நினக்கு அழுவது அறமாகாது, சொல்லியே அழுகிறேன்.

பின்னர்ப் பித்தளைத் தோட்டா வந்தது. மருந்தும் குண்டும் ஒரே கூட்டில் அடங்கின. குழலின் பின்வாய் திறந்தது. கோல் வேண்டாதாயிற்று; துணி வேண்டாதாயிற்று; பலகையை ஆணியில் மாட்டிவிட்டு மறந்தனர் நின் பேரர். மான் கொழுக்கக் காய் சொரிந்த செஸ்ட்நட் மரங்களையும், 1904-இல் நியூயார்க்கில் தென்பட்ட பூஞ்சை நோய் மலைமலையாகத் தின்று தீர்த்தது. நின்னை அறிந்த மரமும் இல்லையே, அந்தோ! யாரிடம் சென்று நின்னை வினவுவேன்?

பலகையைக் கையில் ஏந்தி நிற்கிறேன். ஆறு துளை வெறிது. ஏழாம் துளையில் குண்டு இருக்கிறது. கொழுப்பு உலர்ந்துவிட்டது, ஈயம் வெளுத்துவிட்டது.