407இல் ஏறுமுன்

கோடை விடுமுறை வந்தால் பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுகள் கலியாணத்துக்கென்று றொறன்ரோவுக்கு வருவார்கள். வாடகைக்குக் கார் எடுத்துக் கொடுக்கிறோம். கடனட்டை பெரும்பாலும் எங்களுடையதுதான்.

விமான நிலையத்திலிருந்து மார்க்கத்துக்குப் போக 407 பெருந்தெரு சுகமானது. பிரான்சில் பழகியதுபோல ரிக்கற் எடுக்கும் சாவடியோ தடுப்போ இல்லாததால், இலவசமென்றே வந்தவர் நினைக்கிறார். 1997இல் திறந்த இந்தப் பாதையில் காசு வாங்க ஆளில்லை; ஏறுமிடத்திலும் இறங்குமிடத்திலும் கமரா இலக்கத் தகட்டைப் படம்பிடிக்கும். கட்டணம் தூரத்தையும் நேரத்தையும் பொறுத்தது. காரில் அதற்குரிய கருவி இல்லையென்றால் கமராக் கட்டணம் வேறு. பில் காரின் சொந்தக்காரரான வாடகை நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் தங்கள் கூலியையும் சேர்த்து அட்டையில் கழித்துக்கொள்வார்கள். (சிலவேளை தெருக்காசைவிட அந்தக் கூலிதான் பெரிது!) அதற்குள் விருந்தினர் பாரிஸ் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ரெலிபோன் எடுத்துக் காசு கேட்க யாருக்கு மனம் வரும்? கேட்காவிட்டால் எங்கள் வீட்டு வாடகையில் துண்டு விழுகிறது.

ஆகவே திறப்பை வாங்கும்போதே, 407இல் ஓடினால் மேலதிகம் எவ்வளவென்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். வந்தவருக்கும் அப்போதே சொல்லிவிடலாம், மனத்தாங்கல் வராது. அவசரமில்லையென்றால் 401 இருக்கிறது, நெரிசல்தான், காசில்லை. பிக்கரிங்குக்குக் கிழக்கே உள்ள 407 துண்டுக்கும் 2025 ஜூனிலிருந்து கட்டணமில்லை.