இடக்கைக்கு ஒரு கிட்டார்

எங்கள் இளைய மகள் இடக்கைப் பழக்கம் உடையவள். நாகர்கோவிலிலிருந்து பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் வந்து கரமனையில் குடியமர்ந்த எங்கள் குடும்பத்தில் இப்பழக்கம் புதிதன்று. முந்திய தலைமுறையில் அதைப் பிரம்பால் திருத்தினார்கள். எங்களில் ஒருவருடைய இடது புறங்கையில் அதன் தழும்பு இன்றும் உண்டு. ஆகவே, பன்னிரண்டு வயதுச் சிறுமி கிட்டார் வேண்டுமென்றபோது, அதன் விலையைவிட அந்தத் தழும்பைப் பற்றியே நாங்கள் அதிகம் யோசித்தோம்.

கடையில் தொங்கியவை யாவும் வலக்கையருக்கானவை. "தந்திகளை மாற்றிக் கட்டினால் போயிற்று" என்றார் கடைக்காரர். "எல்லோரையும் போலவே பழகட்டும்; தந்திகளை அழுத்துவது இடக்கைதானே, அது லாபமல்லவா?" என்றார் ஆசிரியர். இதிலும் நியாயம் உண்டு. இடக்கையரான மார்க் நாஃப்ளர் வலக்கை முறையில் வாசித்தே புகழ் பெற்றார். ஜிமி ஹென்ட்ரிக்ஸோ வலக்கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். எலிசபெத் காட்டன் என்ற அமெரிக்க மூதாட்டி தந்திகளைக்கூட மாற்றவில்லை. அப்படியே கவிழ்த்து மீட்டினார்!

அவ்வளவு தொலைவு செல்வானேன்? 1962-இல் மறைந்த மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்க வேண்டுமாதலால் அவர் மேடையில் மறுபுறம் அமர வேண்டும். அப்போது பிடில் வித்வானும் இடம் மாற வேண்டும். இதை விரும்பாதவர் பலர். செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்தார். ஒருவர் சற்று நகர்ந்து அமர்ந்ததால் நமக்குக் கிடைத்த இசை எத்தகையது!

மகளிடம் வெறுங்கையால் வாசிப்பது போல் காட்டச் சொன்னோம். யோசியாமல் இடக்கையால் மீட்டினாள். அத்துடன் விவாதம் முடிந்தது.

ஆனால் எல்லாக் கிட்டாரையும் திருப்பிக் கட்ட இயலாது என்பதைப் பிறகே அறிந்தோம். எஃகுத் தந்திக் கிட்டாரில் குதிரைமேல் உள்ள எலும்புத் துண்டு சாய்வாக அமைந்திருக்கும். தந்திகளை இடம் மாற்றினால் மேலே போகப் போகச் சுருதி விலகும். நைலான் தந்திக் கிட்டாரில் பெரும்பாலும் அது நேராகவே இருக்கும். கழுத்தின் உச்சியிலுள்ள பள்ளங்கள் மட்டும் தடித்த தந்திக்கு அகலமாகவும் மெல்லியதற்குக் குறுகலாகவும் வெட்டப்பட்டிருப்பதால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும். உடலின் ஒரு புறம் மட்டும் குடைந்திருப்பதை வாங்கலாகாது. திருப்பினால் குடைவு தவறான பக்கம் போய்விடும். இடக்கைக்கென்றே செய்தவை கிடைத்தால் அதுவே உத்தமம். எங்களுக்கு அப்போது கிடைக்கவில்லை.

நைலான் தந்திக் கிட்டார் ஒன்றை வாங்கி, வீணை பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துப் புதுத் துண்டு வைத்தோம். கழுத்தோரப் புள்ளிகள் அடிப்பக்கம் போய்விட்டமையால், மேல்பக்கத்தில் நகப்பூச்சால் அவளே புள்ளி வைத்துக்கொண்டாள். விஜயதசமியன்று பாடம் தொடங்கிற்று. பாட்டியின் வற்புறுத்தலால் தட்சிணையை மட்டும் வலக்கையால் கொடுத்தாள்.

முதல் நாள் அவளுடைய கிட்டாரின் தலை, வலப்புறம் இருந்த பையனின் கிட்டார்த் தலையில் இடித்தது. ஆசிரியர் சிரித்துவிட்டு, அவளை வரிசையின் வலது ஓரத்தில் அமர்த்தினார்.